பல்லவி கேட்டவரும் சரணங் கேட்டவரும்

ஒரு பாட்டுக்குப் பொருள் ஒன்றா, பலவா என்பது புலவர் பலர் தலையிட்டுந் தீராத பழைய வழக்கு. அவ்வழக்கை ஈண்டு ஓர் அமெரிக்க றொக் பாடலை முன்வைத்துப் பேசப் புகுவது, விழா மலரொன்றிலே சமயமும் சங்க இலக்கியமும் எதிர்பார்த்து ஏடு புரட்டும் பழைய மாணவர் சிலருக்கு வியப்பைத் தரலாம். இன்னுஞ் சிலருக்குச் சினத்தையுந் தரலாம். றொக் என்றதுங் காதைப் பிளக்கும் ஓசை, அதன் நடுவே விளங்காத கூச்சல் என்று எண்ணுவோர் நம்முட் பலர். அவ்வெண்ணம் முற்றும் பொய்யென்று சாதிக்க யான் வரவில்லை. ஓசை பெரிதென்பது உண்மை. சொல் விளங்காமற் போவதும் பலவேளை உண்மை. ஆனால், சரணம் விளங்காமையினாலேயே ஒரு பாட்டு ஒரு பெருநாட்டின் தேர்தற் களத்துட் புகுந்து, அதனைப் பாடியவரின் பெயர் சனாதிபதியின் வாயிலும் அவரை எதிர்த்து நின்றவரின் வாயிலும் ஏறி, நாற்பது ஆண்டு கடந்தும் வாதம் ஓயாதிருக்கின்றதென்றால், அதனைப் பொருட்படுத்தாது விடுதல் கற்றோர்க்கு அழகன்று.

பாடலை முதலில் அறிமுகஞ் செய்துவிடுகிறேன். புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் 1949 ஆம் ஆண்டிலே, நியூ ஜேர்சி மாநிலத்தில், தொழிலாளர் குடும்பமொன்றிற் பிறந்தவர். தாமே பாட்டெழுதித் தாமே மெட்டமைத்துத் தாமே பாடுபவர். அவ்வகையில் நாம் வாக்கேயகாரர் என்று வழங்குவோரை ஒத்தவர். 1984 யூன் 4 ஆந் திகதி அவர் வெளியிட்ட ‘போண் இன் த யூ. எஸ். ஏ.’ என்னும் இசைத்தட்டு அமெரிக்காவில் மாத்திரம் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. தட்டின் முதற் பாட்டுக்கும் அதுவே பெயர். அமெரிக்க ஐக்கிய நாட்டிற் பிறந்தவன் என்பது அப்பெயரின் கருத்து. பாட்டின் பல்லவியும் அதுவே. தட்டின் உறையிலே அமெரிக்கக் கொடியின் செந்நிற வெண்ணிறப் பட்டைகள். அவற்றின் முன்னே நீலக் காற்சட்டை அணிந்த பாடகர் முதுகைக் காட்டி நிற்கிறார். இப்படத்துக்கும் இருவகைப் பொருள் கூறப்பட்டது. நாட்டுப்பற்றின் அடையாளம் என்றனர் சிலர். கொடியின்மீது சிறுநீர் கழிக்குங் கோலம் என்று சொன்னாரும் உளர். பின்னையதைப் பாடகர் மறுத்தார். பாட்டைக் கேட்குமுன்னரே, உறையைக் கண்ட அளவிலேயே வழக்குத் தொடங்கிவிட்டதைக் காட்டுதற்கே இதனைச் சொன்னேன்.

கேட்பவர் காதில் முதலில் விழுவது சொல்லன்று. மின் இசைக்கருவியொன்று ஒரு சிறு மெட்டைத் திரும்பத் திரும்ப முழக்குகின்றது. அதனோடு சேர்ந்து மேளம் பீரங்கி வெடிப்பது போல அதிர்கின்றது. பின்னர் தொண்டை கிழியும் ஒரு குரல். பல்லவி மட்டுந் தெளிவு. சரணங்களோ குரலின் கரகரப்பிலும் மேளத்தின் முழக்கத்திலும் பாதி அமிழ்ந்து போகின்றன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கும் முதன்முறை கேட்கும்போது சரணம் முழுவதும் பிடிபடுவதன்று. பல்லாயிரவர் கூடிய அரங்குகளிலே பல்லவி வந்ததும் மக்கள் முட்டி உயர்த்தி உடன்பாடினர், கொடி அசைத்தனர். அவர்கள் உள்ளத்திலே எழுந்தது பெருமிதம் என்பதில் ஐயமில்லை.

இனிச் சரணங்களைப் பார்ப்போம். நலிந்த சிற்றூரொன்றிலே ஏழையொருவன் பிறந்து, அடியும் உதையுமல்லாது வேறொன்றும் அறியாதவனாய் வளர்கிறான். ஊரிலே ஏதோ ஒரு சிறு குற்றத்தில் அகப்படுகிறான். அதன் விளைவாக வியட்நாம் போருக்கு அனுப்பப்படுகிறான். தான் கண்டறியாத நாட்டிலே, தனக்குத் தீங்கு செய்யாத வேற்று நிறத்தவரைக் கொல்லுதலே அவனுக்கு இடப்பட்ட பணி. மீண்டு வந்தவன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலே வேலை கேட்கிறான். ஆளெடுப்பவர் தங் கையில் ஒன்றுமில்லை என்ற பாவனையில் நழுவுகிறார். படைவீரர் நலன் பேணும் அரசாங்கப் பணிமனைக்குப் போகிறான்; அங்குள்ள அலுவலர் சொல்லத் தொடங்கியதை முடிக்காமலே அவனை அனுப்பிவிடுகிறார். ஈற்றிலே, பத்தாண்டு கழிந்த பின்னும், சிறைச்சாலையின் நிழலும் ஆலையின் தீச்சுடருமே எல்லையாகப் போக்கிடமின்றி நிற்கிறான். இத்துயரக் கதையின் இடையிடையே, சற்றும் மாறாத மெட்டில், அந்தப் பல்லவி வந்து வந்து போகின்றது.

எல்லாவற்றிலும் என்னை நெடுநேரம் நிறுத்திவைப்பது சகோதரனைப் பற்றிய சரணம். கீ சான் என்பது வியட்நாமிலே அமெரிக்கப் படைத்தளம் இருந்த ஓரிடம். 1968 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அத்தளம் 77 நாள் முற்றுகையிடப்பட்டது. முற்றுகையைத் தாங்கி வென்றோமென்று பறைசாற்றிய படைத்தலைமை, அதே ஆண்டு யூலை மாதத்திலே தளத்தைத் தானே கலைத்துவிட்டு வெளியேறிற்று. பாட்டில் வருபவனுடைய சகோதரன் அங்கே பொருதவன். அந்நிலத்தில் எஞ்சியவர் யாவர், எஞ்சாதவன் யாவன் என்பதை ஒரே மூச்சில், அழுகையின்றிச் சொல்லிவிட்டு அச்சரணம் நின்றுவிடுகின்றது. முந்தைய சரணங்கள் நான்கடியில் நடப்பவை. இது மூன்றடியோடு முறிகின்றது. நான்காம் அடிக்குரிய காலத்தை வெறும் வாத்திய ஓசையே நிரப்புகின்றது. சொல்ல வேண்டியதைச் சொல்லாது விட்ட இடம் அது. எச்சத்தின் வகையெல்லாம் இலக்கணத்திலே படித்த நமக்கு அவ்விடத்தின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அதற்குப் பின் வருவது சைகோனிலே அவன் விரும்பிய பெண்ணொருத்தியின் நினைவும், இருவருஞ் சேர்ந்திருந்த ஒரு புகைப்படமும். நிறம் வேறென்று கொல்ல அனுப்பப்பட்டவர்களுள் ஒருவன் அந்நிறத்தவளை அணைத்திருக்கிறான். பாட்டு இதற்கும் விளக்கஞ் சொல்வதில்லை.

இச்சரணத்தைத் தமிழிற் பெயர்க்கப் புகுவோன் முதலிலேயே இடர்ப்படுவான். அண்ணனா, தம்பியா என்று தமிழ் கேட்கும், ஆங்கிலங் கேட்பதில்லை. அதுமட்டுமன்று. உடன்பிறந்தானோ, உடன்நின்று பொருத தோழனோ என்பதுஞ் சொல்லளவில் துணிய முடியாதது. இருவகையாகவும் பொருள்கொள்ள இடமுண்டு. இத்தகைய வேறுபாடு பாட்டுக்கு யாதொரு கேடுஞ் செய்வதில்லை. எவ்வாறு கொண்டாலும் இழப்பு இழப்பே. கேடு செய்யும் வேறுபாடு வேறு. அதற்கு இப்பொழுது வருகிறேன்.

1984 ஆம் ஆண்டு அமெரிக்காவிலே சனாதிபதித் தேர்தல் ஆண்டு. பழமை பேணுங் கொள்கையினரான ஜோர்ஜ் வில் என்னும் புகழ்பெற்ற பத்தி எழுத்தாளர், மேரிலாந்திலே நடந்த ஸ்பிறிங்ஸ்ரீனின் இசைநிகழ்ச்சியொன்றுக்குக் கோட்டணிந்து, காதுகளிற் பஞ்சடைத்துக்கொண்டு சென்றார். செப்ரெம்பர் 13 ஆந் திகதி வாஷிங்ரன் போஸ்ற் பத்திரிகையிலே தாங் கண்டதை எழுதினார். பாடகரின் அரசியல் தமக்குத் தெரியாதென்றும், ஆயினும் அவர் புலம்புகிறவர் அல்லர் என்றும், மூடிய ஆலைகளைப் பற்றிய பாட்டுக்களின் நடுவே இப்பல்லவி உற்சாகமான ஓர் உறுதிமொழியாக ஒலிக்கின்றதென்றும் அவர் கருதினார். பஞ்சடைத்த காதிலே பல்லவி புகும், சரணம் புகாது. அவ்வாறு கேட்ட ஒருவரின் கட்டுரை இப்பாட்டுக்கு எழுந்த உரைகளுள்ளே முன்வரிசையில் அமர்ந்தது பாட்டின் ஊழ் போலும்.

ஆறு நாள் கழித்து, செப்ரெம்பர் 19 ஆந் திகதி, சனாதிபதி றொனால்ட் றேகன் நியூ ஜேர்சியிலுள்ள ஹமண்டன் என்னும் ஊரிலே பேசினார். அமெரிக்காவின் எதிர்காலம் மக்களின் கனவுகளிலே தங்கியுள்ளதென்றும், அம்மாநிலத்தின் மைந்தரான ஸ்பிறிங்ஸ்ரீனின் பாடல்களிலே அந்நம்பிக்கையின் செய்தி உண்டென்றும் புகழ்ந்தார். ஓர் உண்மையை ஈண்டு நினைவிற் கொள்ள வேண்டும். றேகன் இந்தப் பாட்டைப் பெயர்சுட்டிச் சொல்லவில்லை. அவர் இதனைத் தம் பிரசாரப் பாட்டாக ஆக்கினார் என்று இன்று பலர் எழுதுவது கேள்விச் செவியால் வளர்ந்த கதை. பாட்டைத் தவறாகக் கேட்டார் என்று ஒருவரைப் பழிப்பவர், அவர் பேச்சையே தவறாகக் கேட்டிருத்தல் நகைப்புக்குரியதன்றோ! எதிர்க்கட்சி வேட்பாளர் வோல்ரர் மொண்டேலும் சும்மா இருக்கவில்லை. ஸ்பிறிங்ஸ்ரீனின் ஆதரவு தமக்கே என்று அவர் தரப்பு அறிவித்துப் பின் அதனை மீட்டுக்கொண்டது. அவ்வாண்டு நவம்பரில் றேகன் 50 மாநிலங்களுள் 49 இல் வென்றார். பாட்டினால் வந்த வெற்றி என்று யாருஞ் சொல்லார்.

பாடகர் நேராக மறுமொழி சொல்லாது பாட்டினாலேயே சொன்னார். சில நாட்களின் பின், உருக்காலைகள் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்திருந்த பிற்ஸ்பேர்க் நகரத்து மேடையிலே, தமது தட்டுக்களுள் எதனைச் சனாதிபதி விரும்பிக் கேட்கிறாரோ என்று வியப்பதாகச் சொல்லி, வேறொரு பாட்டை எடுத்தார். கார்த் தொழிற்சாலை மூடப்பட்டதால் வேலையிழந்து கொலையாளியான ஒருவனைப் பற்றிய பாட்டு அது; அவருடைய முந்தைய தட்டாகிய ‘நெப்றாஸ்கா’விலே உள்ளது. குறிப்பறிவார் அறிந்தனர்.

இவையெல்லாம் பலர் அறிந்த செய்தி. இவற்றைச் சொல்லிவிட்டு, பல்லவியைக் கேட்டுப் பெருமிதங் கொண்டவர் பேதையர், சரணத்தைக் கேட்டுச் சினந்தவர் அறிஞர், பாட்டு முழுமையுங் கண்டனமே, பல்லவி வெறும் ஏளனம் என்று தீர்ப்பளித்துவிடுவது இன்று கற்றவரிடையே வழக்கமாகிவிட்டது. எனக்கு இத்தீர்ப்பு உடன்பாடன்று.

பல்லவி ஏளனமாயின் அதனைப் பாடும் முறை வேறாயிருக்கும். ஏளனஞ் செய்பவன் தொண்டை கிழியக் கத்துவதில்லை. உதட்டைச் சுழித்துச் சொல்லிவிட்டுப் போவான். இங்கே பல்லவியைச் சொல்பவன் தன் நெஞ்சிலே அறைந்து சொல்கிறான். பிறந்த நாட்டின்மேல் தனக்குள்ள உரிமையைக் கைவிட மறுத்தே அவ்வாறு சொல்கிறான். உரிமை உள்ளவனுக்கே முறையிட வாயுண்டு. வழிப்போக்கனொருவன் அயல்வீட்டுத் தாயிடஞ் சோறில்லையென்று சினப்பானா? பெற்ற பிள்ளையே சினப்பான். பல்லவியிலுள்ள பெருமிதத்தை எடுத்துவிட்டால் சரணத்திலுள்ள நோவுக்கு வேர் இல்லாமற் போகும். ஆதலின் பெருமிதத்தைக் கேட்டவர் இல்லாததைக் கேட்டாரல்லர். உள்ளதிற் பாதியைக் கேட்டனர்.

பாட்டுப் பிறந்த வகையும் இதற்குச் சான்று. போல் ஷ்றேடர் என்னுந் திரைப்பட ஆசிரியர் தாம் எழுதிய திரைக்கதையொன்றைப் பாடகருக்கு அனுப்பியிருந்தார். ‘போண் இன் த யூ. எஸ். ஏ.’ என்பது அத்திரைக்கதையின் பெயர். வியட்நாமிலிருந்து மீண்டவர் பற்றிய பாட்டொன்றை எழுதிக்கொண்டிருந்த ஸ்பிறிங்ஸ்ரீன், மேசையிற் கிடந்த அப்பெயரை எடுத்துத் தம் பாட்டுக்குப் பல்லவியாக்கினார். ஆகவே பல்லவி ஓரிடத்துப் பிறந்தது. சரணம் வேறோரிடத்துப் பிறந்தது. இரண்டையும் ஒன்றன்பக்கத்தில் ஒன்றை வைத்ததே புலவன் செயல். வைத்தபின் அவற்றைப் பிரித்துக் கேட்க நமக்கு உரிமையில்லை. கீர்த்தனை கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதன்று. பல்லவியிலே எடுத்த சொல், அனுபல்லவியையுஞ் சரணத்தையும் சுற்றிக்கொண்டு திரும்பும்போது முன்னிருந்த பொருளோடு திரும்புவதில்லை. அதே சொல்தான், ஆனால் இப்போது அதன்மேற் சுமை ஏறியிருக்கும். இப்பாட்டின் பல்லவியும் முதன்முறை வரும்போது பிறப்புச் செய்தி. படைக்கு அனுப்பப்பட்டபின் வரும்போது வினா. வேலை மறுக்கப்பட்டபின் வரும்போது வழக்கு. ஈற்றில் வரும்போது அவனிடம் எஞ்சியிருக்கும் ஒரே உடைமை.

மற்றொன்று, இது யார் கூற்று என்னும் வினா. அகப்பாட்டைக் கையிலெடுக்கும் மாணவன் இன்னும் முதலிற் கேட்பது தலைவி கூற்றா, தோழி கூற்றா, யாரை நோக்கிச் சொல்லியது என்பதையே. புலவனும் பேசுபவனும் ஒருவரல்லர் என்பது நமக்குப் பாலபாடம். இப்பாட்டிலே பேசுபவன் ஸ்பிறிங்ஸ்ரீன் அல்லன். அவர் போருக்குப் போனவரல்லர். கட்டாய ஆட்சேர்ப்புச் சோதனையிலே தகுதியற்றவரென்று விடப்பட்டவர். அவருடைய முதல் இசைக்குழுவிலே மேளம் வாசித்த இளைஞன் 1967 ஆம் ஆண்டு வியட்நாமில் மாண்டான். போரிலே கால்கள் செயலிழந்த றொன் கோவிக் எழுதிய தன்வரலாற்று நூலைப் படித்து, அவரையும் அவர் போன்றாரையும் நேரிற் கண்டு பழகியவர். 1981 ஓகஸ்ட் மாதத்திலே லொஸ் ஏஞ்செல்ஸ் நகரில் வியட்நாம் படைவீரர் சங்கத்துக்கு நிதிதிரட்டப் பாடியவர். மீண்டவனொருவன் தன் நாட்டை நோக்கிச் சொல்லியது என்று கிளவித்தொகை எழுதிவிட்டால் பாதி மயக்கந் தீரும். அரங்கிலே முட்டி உயர்த்தியவர்கள் தம்மையே பேசுபவனாக எண்ணிக்கொண்டனர். அவர்களோ பேசப்படுபவர், அவன் முறையிட்டது அவர்களை நோக்கியே.

அப்படியானால் எல்லா உரையும் ஒப்பத்தக்கனவா? அன்று. திருக்குறளுக்குப் பதின்மர் உரைகண்டனர் என்று பெருமை கூறும் நாம், அப்பதின்மருள்ளும் சிறந்ததென ஒன்றை எடுத்துக்கொண்டோம். உரை பலவாதல் வேறு. உரையெல்லாம் ஒருநிறையாதல் வேறு. சொல்லிய சொல் அத்தனையையுந் தாங்கி நிற்பது எந்த உரையோ அதுவே வலிது. நாட்டுப் பெருமையே இப்பாட்டின் பொருளென்பார், சகோதரனை எங்கே வைப்பார்? ஆலை வாயிலிலே திருப்பி அனுப்பப்பட்டவனை எங்கே வைப்பார்? அவர் உரை தாங்குவது ஒரே ஒரு வரியை. முற்றுங் கண்டனமே என்பார் உரை சரணம் அத்தனையையுந் தாங்குகின்றது. பல்லவியின் வெப்பத்தை மட்டுந் தவறவிடுகின்றது. ஆதலால் இரண்டும் குறையுடையனவாயினும் குறை ஓரளவினவல்ல.

இன்னொரு வகைக் கேட்போரும் இருந்தனர். 1988 யூலை 19 ஆந் திகதி, கிழக்குப் பேர்லினிலே, சுவர் இன்னும் நின்ற காலத்திலே, இலட்சத்துக்கு மேற்பட்டோர் கூடிய வெளியரங்கொன்றில் ஸ்பிறிங்ஸ்ரீன் இதனைப் பாடினார். பொதுவுடைமை அரசின் இளைஞர் அமைப்பே ஒழுங்குசெய்த நிகழ்ச்சி அது. கேட்டவர் பலர் தாமே தைத்த அமெரிக்கக் கொடிகளை அசைத்தனர். அவர்களுள் எவரும் அந்நாட்டிற் பிறந்தவரல்லர். தாம் பிறந்த நாட்டை விட்டு வெளியேற அனுமதியற்றவர். போக்கிடமின்றி நிற்பவன் குரலிலே, போக்கிடம் ஒன்று உண்டென்ற செய்தியை அவர்கள் கேட்டார்கள். இது பிழையான உரையா? சொல்லளவிலே பிழைதான். ஆயினும் காதிற் பஞ்சடைத்தவரின் பிழையோடு இதனை ஒரே தட்டில் வைத்து நிறுக்க எனக்கு மனம் ஒருப்படவில்லை. அடைபட்டிருத்தல் இன்னதென்று பாட்டிலுள்ளவன் அறிந்தவன். கேட்ட இவர்களும் அறிந்தவர்.

பாடியவரையே கேட்டுவிட்டாலென்ன என்பார் உளர். கேட்டிருக்கிறார்கள், அவருஞ் சொல்லியிருக்கிறார். 2016 இல் வெளியான தன்வரலாற்றிலே, துயரஞ் சரணங்களிலும் உரிமைக்குரல் பல்லவியிலுமாக அமைந்ததென்றும், குறைகூறும் உரிமையோடு கூடிய நாட்டுப்பற்றே தாங் கருதியதென்றும் எழுதினார். அவர் கூற்றை யான் மதிக்கிறேன். அது என் கருத்தோடு ஒத்திருப்பதனால் மாத்திரமன்று. ஆயினும் ஆக்கியோன் சொல்லே முடிந்த முடிபென்று கொள்வதற்குமில்லை. பீற்றில்ஸ் குழுவினரான ஜோன் லெனனுக்கு அவர் படித்த பாடசாலை மாணவனொருவன் கடிதமெழுதி, தங்கள் ஆங்கில ஆசிரியர் வகுப்பிலே பீற்றில்ஸ் பாட்டுக்களுக்குப் பொருள் விளக்குகிறார் என்று அறிவித்தானாம். அதைக் கண்ட லெனன், இதற்கும் பொருள் சொல்லட்டும் பார்க்கலாம் என்று வேண்டுமென்றே பொருளற்ற சொற்களை அடுக்கி 1967 இல் ஒரு பாட்டெழுதினார் என்பர். தம் பழைய பாடசாலைக்குப் பழைய மாணவரொருவர் அனுப்பிய காணிக்கை! ஆனால் அப்பாட்டுக்கும் இன்றுவரை பொருள் சொல்லிக்கொண்டே இருக்கின்றனர். ஆக்கியோன் வேண்டாமென்றாலும் கேட்பவன் விடான்.

ஸ்பிறிங்ஸ்ரீனின் பொறுப்பும் இவ்வழக்கிலே சிறிதன்று. 1982 ஆம் ஆண்டு தை மாதத்திலே, தம் வீட்டில், ஒரு கிற்றாரை மட்டும் வைத்துக்கொண்டு இப்பாட்டை மெல்லிய இருண்ட குரலில் அவர் ஒலிநாடாவிற் பதிந்திருந்தார். ‘நெப்றாஸ்கா’ தட்டுக்குரிய பாட்டுக்களோடு ஒன்றாகப் பதிந்தது அது; 1998 இல் வெளியான தொகுப்பொன்றிலே இப்போது கேட்கலாம். அதைக் கேட்பவர் எவரும் முட்டி உயர்த்தார். அதே சொற்களுக்கு அதே ஆண்டில் முழு இசைக்குழுவைக் கூட்டி முழக்கத்தை உடுத்தியவர் அவரே. உடுத்திய உடையைக் கண்டு மயங்கியவரை மட்டுங் குற்றஞ் சொல்லுதல் நீதியாகாது. அம்முழக்கம் இல்லாதிருந்தால் பாட்டு இத்தனை கோடிப் பேரை எட்டியிராதென்பதும் உண்மையே. எட்டியது யாது என்பதே வினா.

இவ்வினாவை யான் விளையாட்டாகக் கேட்கவில்லை. வியட்நாமிலே மாண்ட அமெரிக்கப் படையினர் 58,000 பேருக்கு மேல். அவர் பெயர் பொறித்த கருங்கற் சுவர் வாஷிங்ரனிலே 1982 நவம்பரில் எழுந்தது. மாளாது மீண்டவருக்குச் சுவரில்லை. அவர்களுள் ஒருவன் ஆலைக்குப் போய்ப் பேசினான், கேட்பாரில்லை. பணிமனைக்குப் போய்ப் பேசினான்; கேட்பாரில்லை. மூன்றாவதாக அரங்கிலே ஏறி, ஒரு நாடே கேட்கும்படி மேளதாளத்தோடு பேசினான். நாடு எழுந்து நின்று அவன் குரலுக்கு மேலாகத் தன் குரலை எழுப்பிப் பாடிற்று. பாட்டிலே சொல்லிய நிகழ்ச்சி பாட்டுக்கே நிகழ்ந்தது. 2020 ஒக்ரோபரிலே, சனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் நோயுற்றுச் சேர்ந்திருந்த வோல்ரர் றீட் படை மருத்துவமனையின் வெளியே அவருடைய ஆதரவாளர் இப்பாட்டை உரக்க ஒலிக்கச் செய்தனர். காயமுற்ற படைவீரருக்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவமனை அது!

நம் கல்லூரி மாணவர் இத்தகைய பாட்டுக்களைக் கேட்பதில்லை என்று யாரும் எண்ணவேண்டாம். காதிலே செருகிய சிறு கருவியின் வழி உலகத்துப் பாட்டெல்லாம் அவர்களிடம் வந்து சேருகின்றது. பல்லவியை முணுமுணுக்கிறார்கள், சரணத்தைக் கேட்டாற் சிரிக்கிறார்கள். ஆசிரியருள்ளுஞ் சிலர் இதனைக் காலக்கேடென்று ஒதுக்குகின்றனர். மறுபுறத்திலே, வகுப்பறையில் ஒரு செய்யுளுக்கு ஒரே பொருள், அதுவும் பரீட்சைக் குறிப்பிலுள்ள பொருள் என்று எழுதிவைத்து ஒப்பிக்கின்றனர். கூற்று யாது, எச்சம் யாது, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சென்று முடிகின்றது என்று தேடும் பழக்கம் செய்யுளுக்கு வெளியே ஓரடியும் போவதில்லை. தம் முன்னோர் இத்தனை நூற்றாண்டு தீட்டிய கத்தியை அவர்கள் உறையோடு தொங்கவிட்டிருக்கிறார்கள்.

ஆகையால் இலக்கிய மன்றத்தாருக்கு ஒன்று சொல்ல விழைகிறேன். ஆண்டிலே ஒரு கூட்டத்தை மாணவர் விரும்பிக் கேட்கும் பாட்டொன்றுக்கு ஒதுக்குக. முதலாண்டு இந்தப் பாட்டையே எடுக்கலாம். முழு இசைக்குழுவோடு பதிந்ததை முதலில் ஒலிக்கச் செய்து, சொல் எழுதிய தாள் எதுவுங் கொடாமல், கேட்டதை எழுதும்படி மாணவரைப் பணிக்க. பின்னர் 1982 ஆம் ஆண்டின் ஒலிநாடாப் பதிவை ஒலிக்கச் செய்து மறுபடியும் எழுதச் செய்க. தாளை மூன்றாவதாகக் கொடுக்கலாம். இடையிலே ஆசிரியர் எவரும் வாய்திறத்தல் கூடாது. பழைய மாணவர் வந்து பின்வரிசையில் அமரலாம். பஞ்சு கொண்டுவர வேண்டாம்.